இருக்கட்டும்

மஞ்சக்குப்பத்தில் அச்சகம்.
கீழே ஆஃப்செட், மேலே நான்,
ஒரு சிவப்புப் பேனா, பாதி வேகத்தில் ஒரு மின்விசிறி.
மேசையில் தா. வாகீசன் அவர்களின்
இருபத்தைந்தாண்டு நாடாளுமன்றப் பணிப் பாராட்டு மலர்.
நூற்று அறுபது பக்கம், வழவழத்தாள்.
ஞாயிற்றுக்கிழமை விழா.

வாகீசன் என்றால் சொல்லுக்கு அரசன்.
அப்பருக்கு அந்தப் பெயர் உண்டு.
கல்லைத் தெப்பமாக்கி அவர் கரையேறிய ஊரில்
பிள்ளைகளுக்கு அதை வைப்பார்கள்.
இவர் அவையில் பேசியது முப்பத்தெட்டு முறை.
அதில் பத்தொன்பது
திருப்பாதிரிப்புலியூரில் ரயில் நிற்க வேண்டும் என்று.
நிற்கிறது, ஒரு நிமிடம்.
என் தங்கை அதில்தான் தாம்பரம் போகிறாள்.
அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பக்கம் நூற்றுப் பன்னிரண்டு: வாக்களிப்பு விவரம்.
பெரும்பாலான சட்டங்கள் குரலிலேயே நிறைவேறிவிடும்.
ஆம் என்போர், ஒரு இரைச்சல்.
இல்லை என்போர், இன்னொரு இரைச்சல்.
எங்கள் உறுப்பினர் வாய் திறந்தது அதற்கா
கொட்டாவிக்கா, பதிவில்லை.
பெயர் பெயராக எண்ணியது அறுபத்து மூன்று.
பச்சை நாற்பத்தொன்று
சிவப்பு ஒன்பது
மஞ்சள் இரண்டு
வராதது பதினொன்று.
கூட்டிப் பார்த்தேன், சரி.

வராததில் ஒருநாள் அவர் இங்கே இருந்தார்,
ராசாப்பேட்டையில் ஒரு படகுக்காரர் கருமாதியில்,
பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணாடியைத் துடைத்தபடி.
நானே பார்த்தேன்.
இன்னொரு நாள் கட்சியில் பதினாறு பேருக்கும்
ஒரே காய்ச்சல்.

ஐந்து தேர்தலிலும் விரலில் மை வாங்கியிருக்கிறேன்.
அவருக்குப் போட்டது மூன்று.
மற்ற இரண்டைச் சொல்ல வேண்டியதில்லை,
எனக்கு மலர் போடுகிறவர் யாருமில்லை.

உதவியாளர் குணபூஷணம் கொடுத்த கட்டில்
மங்கலான ஒரு நகல்.
கடலோர ஆலைகளுக்கான விதிகளைத் தளர்த்தும் மசோதா.
மாலை ஆறு நாற்பத்திரண்டு, பலகையில் அவர் எண்ணுக்குச் சிவப்பு.
நான்கு நிமிடம் கழித்து ஒரு சீட்டு:
'இல்லை என்பதை ஆம் எனத் திருத்திக்கொள்ளவும்.'
கையெழுத்து அவருடையதுதான்,
'வா'வின் கால் எப்போதும்போல் நீண்டு.

ஆறு நாற்பத்திரண்டு என்பது
குடிகாட்டில் ஜன்னலைச் சாத்துகிற நேரம்.
அழுகிய பழம் மாதிரி ஒரு வாடை சிப்காட்டிலிருந்து கிளம்பும்.
எந்தப் புகைபோக்கி என்று
இரண்டாம் வகுப்புப் பிள்ளை மூக்கைச் சுளித்தே சொல்லும்.
அந்த நான்கு நிமிடம்
எங்களுக்கு ஒரு உறுப்பினர் இருந்திருக்கிறார்.
எங்களுக்குத் தெரியாது.

போன் செய்தேன்.
"ஐயா, அந்தச் சீட்டு..."
அவர் வீட்டு மின்விசிறிச் சத்தம் கேட்டது.
"விரல் தவறிப்போச்சும்மா."
பட்டனிலா, பேனாவிலா என்று நான் கேட்கவில்லை.
"எடுத்துடலாங்களா?"
"நீதானே பிழை பாக்கறவ. உனக்குத் தெரியாததா."
பிறகு, செத்துப்போன மனைவியின் படம்
தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கேட்டார்.
விழுந்திருக்கிறது என்றேன்.
கழுத்துப் பக்கம் கொஞ்சம் இருட்டு, அதைச் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு குறி உண்டு.
அடித்த சொல்லை அடித்திருக்கக் கூடாது என்று பட்டால்
அதன் கீழே புள்ளி புள்ளியாக வைத்து
ஓரத்தில் எழுதுவோம்: இருக்கட்டும்.
நகலில் அந்த 'இல்லை'யின் கீழே
பேனா தானாகப் போய் நின்றது.
வைத்தேன், ஐந்து புள்ளி.
நகல்தானே, அச்சுக்குப் போகாது.

கூட்டுத்தொகையைத் தொடவில்லை.
பச்சை நாற்பத்தொன்றுதான்.
ஒரு நட்சத்திரம் போட்டு
நடந்ததை இரண்டு வரியில் அடிக்குறிப்பாகச் சேர்த்தேன்,
மணி, நிமிடத்தோடு.
எழுத்தை எட்டுப் புள்ளியிலிருந்து
பத்தாக்கச் சொன்னேன்.
"அடிக்குறிப்ப யாருக்கா படிக்கப்போறா"
என்றான் கீழேயிருந்து இருசப்பன்,
பிளேட்டைத் துடைத்துக்கொண்டே.
"பத்து" என்றேன்.